கெராங் குஞ்சும் பிளாஸ்டிக் தூளும்



புக்கிட் செந்தோசா, புக்கிட் பெருந்தோங், சுங்கை புவாயா, பத்தாங் காலி வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கும், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் பக்கத்துத் தோட்டப்புற மக்களுக்கும் பொதுவான ஒரு செய்தியைப் பற்றி இன்று பேச இருக்கிறோம். கடலோரச் சேற்றில் வாழும் ஒரு சின்னஞ்சிறு உயிரைப் பற்றிய செய்தி அது. கடலில் வாழ்வதற்கும் மலையடிவாரத்தில் வாழும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. அந்தத் தொடர்பின் பெயர் சிலாங்கூர் ஆறு.

நாம் பேசப்போகும் உயிரை மலாய்க்காரர் கெராங் என்கிறார்கள். நம் வீடுகளிலும் அதே பெயர்தான் வழங்குகிறது. தமிழில் சொன்னால் அது ஒரு வகைச் சிப்பி. வரிவரியாக மேடு பள்ளமுள்ள தடித்த இரண்டு ஓடுகளுக்குள் இருக்கும் சதை. உடைத்தால் இரத்தம் போல் சிவந்த நீர் வடியும். பெரும்பாலான சிப்பிகளுக்கு இரத்தத்தில் சிவப்பு நிறம் கிடையாது. கெராங்குக்கு உண்டு. நம் உடம்பில் ஓடும் இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் அதே வகைப் பொருள் அதன் இரத்தத்திலும் இருக்கிறது. காற்று குறைந்த சேற்றில் புதைந்து வாழ அது உதவுகிறது.

கோலசிலாங்கூர், ஜெராம், தஞ்சோங் காராங் கடற்கரைகளில் கெராங் பிடிப்பதும் வளர்ப்பதும் பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. நமக்கோ அது மலிவான கறியாக இருந்த காலம் உண்டு. சம்பளத்துக்கு முந்திய வாரத்தில், கோழிக்குக் கை எட்டாத நாளில், பசார் மாலாமில் ஒரு கிலோ வாங்கி வந்து மிளகாய் அரைத்துப் புரட்டினால் வீடு முழுக்க உண்ணலாம். இன்று அதுவே விலை கேட்டு, ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசித்து வாங்கும் பொருளாகிவிட்டது. 1980ஆம் ஆண்டு வாக்கில் ஒரு லட்சம் டன்னைத் தாண்டியிருந்த மலேசியக் கெராங் விளைச்சல், 2010களின் நடுவில் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஏன் இறங்கியது என்பதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் இன்னும் முழுதாக அறியப்படாத ஒன்றைத்தான் இன்று ஆராயப் போகிறோம்.

முதலில் கெராங் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். குஞ்சுப் பருவத்தைத் தெரிந்துகொண்டால்தான் அதற்கு வரும் ஆபத்தும் விளங்கும்.

தாய்ச் சிப்பி முட்டைகளைக் கடல் நீரிலேயே விடுகிறது. ஆண் சிப்பியும் தன் விந்தை நீரிலேயே விடுகிறது. இரண்டும் நீரில் சந்தித்துக் கருவாகின்றன. காப்பாற்ற யாரும் இல்லை. அடைகாக்கும் கோழியும் இல்லை, கூடும் இல்லை. கரு பிளந்து பிளந்து ஒரு நாளுக்குள் நீந்தத் தொடங்கிவிடும். அப்போது அதன் அளவு நம் தலைமுடி ஒன்றின் பருமன்தான். அந்தப் பருமனுக்குள் இரண்டு மெல்லிய ஓடுகள், ஒரு வாய், ஒரு வயிறு, நீரைத் துழாவும் மயிர்கள் நிறைந்த ஒரு சிறு விசிறி எல்லாம் இருக்கின்றன. அந்த விசிறியால்தான் அது நீந்துகிறது. அந்த விசிறியால்தான் உணவையும் அள்ளுகிறது. உணவு என்பது கண்ணுக்குத் தெரியாத பாசித் துகள்கள்.

இப்படிச் சில வாரங்கள் அலையோடு அலைந்து திரிந்த பிறகு, குஞ்சு கனத்து, கீழே இறங்கி, மெத்தென்ற சேற்றில் அமர்கிறது. அதன் பின் வாழ்நாள் முழுவதும் ஏறக்குறைய அதே இடம்தான். கெராங் வளர்ப்போர் இயற்கையாகச் சேறு பிடித்த இந்தக் குஞ்சுகளை அள்ளிவந்து, தங்களுக்கு உரிய பகுதியில் விதைநெல் தூவுவதுபோல் தூவுகிறார்கள். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்து அறுவடை. ஆகவே கெராங் வளர்ப்பு என்பது பெரும்பாலும் கடல் கொடுக்கும் குஞ்சுகளை நம்பிய தொழில். குஞ்சு இறங்காத ஆண்டில் விதைக்க ஒன்றும் இல்லை. நெல் வயலுக்கு நாற்று இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று செக்கிஞ்சான் விவசாயியைக் கேளுங்கள். கெராங் வளர்ப்பவரின் கவலையும் அதுவே.

இலட்சக்கணக்கான முட்டைகளில் பெரிதாக வளர்ந்து ஓடு தடிப்பவை மிகச் சில. மீன்கள் தின்னும், வெயில் கொல்லும், மழைக்காலத்தில் ஆற்றுநீர் அதிகமாகி உப்புக் குறைந்தாலும் சாகும். இயற்கை இந்த இழப்பை எதிர்பார்த்தே அத்தனை முட்டைகளைக் கொடுத்திருக்கிறது. ஆனால் இயற்கை எதிர்பாராத ஒன்று இப்போது அந்த நீரில் மிதக்கிறது. அதுதான் பிளாஸ்டிக் தூள்.

பிளாஸ்டிக் அழுகாது என்று எல்லாரும் சொல்கிறோம். அது பாதி உண்மைதான். வாழை இலையைப் போல் அது மண்ணோடு மண்ணாகப் போவதில்லை, ஆனால் உடையும். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உரமூட்டை வந்த சாக்கைக் கழுவி, வாசலில் தட்டியாகவோ, கோழிக்கூண்டுக்கு மறைப்பாகவோ கட்டியிருப்போம். ஓராண்டு வெயில் பட்டதும் அதைத் தொட்டால் கையோடு பொடிப்பொடியாக உதிரும். ராபியா கயிறும் அப்படியே. சாக்கு காணாமல் போய்விட்டது என்று நினைக்கிறோம். காணாமல் போகவில்லை; ஆயிரம் துண்டாகிவிட்டது. அந்தத் துண்டும் மேலும் உடையும். உடைந்து உடைந்து மாவைவிடச் சிறிதாகும்.

ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் துணுக்குகளை அறிவியலார் மைக்ரோபிளாஸ்டிக் என்கிறார்கள். தமிழில் நுண்பிளாஸ்டிக் என்று சொல்லலாம். ஐந்து மில்லிமீட்டர் என்பது ஒரு பச்சைப்பயறு அளவு. அங்கே தொடங்கி, கண்ணுக்கே தெரியாத தூள் வரை எல்லாம் இதில் அடங்கும். கடலில் இப்படிப்பட்ட துணுக்குகள் மிதப்பதை 1970களிலேயே சிலர் எழுதியிருந்தார்கள். ஆயினும் 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய தோழர்களும், கடற்கரை மணலிலும் கடல் நீரிலும் இத்தகைய துணுக்குகள் பெருகிவருவதை எடுத்துக் காட்டிய பிறகே உலகம் இதைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கியது. 1950இல் உலகம் முழுவதும் செய்யப்பட்ட பிளாஸ்டிக் சுமார் 20 லட்சம் டன். இன்று ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல். அதில் ஒரு பங்கு உடைந்து தூளாகிக்கொண்டே இருக்கிறது.

சரி, இந்தத் தூள் கெராங்கின் வாய்க்கு எப்படிப் போகிறது?

சிப்பி ஓடிப் பிடித்துத் தின்னும் பிராணி அல்ல. இருந்த இடத்தில் நீரை உறிஞ்சி, செவுளால் சல்லடை போட்டு, கிடைத்ததைத் தின்கிறது. வளர்ந்த சிப்பி ஒரு நாளில் பல லிட்டர் நீரைச் சலிக்கும். வேண்டாத மண்ணையும் கசட்டையும் ஒரு கோழையில் சுற்றி வெளியே தள்ளிவிடவும் அதற்குத் தெரியும். ஆனால் பாசித் துகளின் அளவும் பருமனும் கொண்ட பிளாஸ்டிக் தூள் வந்தால் எல்லாவற்றையும் பிரித்தெடுக்க அதனால் முடிவதில்லை. சோற்றில் கல் கலந்தால் நாம் நாக்கால் கண்டுபிடித்துத் துப்புகிறோம். அரிசி மாவில் சுண்ணாம்புத் தூள் கலந்தால் யாரால் பிரிக்க முடியும்?

நம் நாட்டிலேயே இது காணப்பட்டிருக்கிறது. திரங்கானு மாநிலத்தின் செத்தியு சதுப்பு நிலத்தில் வாழும், கெராங்குக்கு உறவான ஒரு சிப்பியின் வயிற்றில் நுண்பிளாஸ்டிக் இருந்ததை 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தமிழ்நாட்டில் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகப் பகுதியில் எடுத்த பச்சைச் சிப்பியிலும் இருந்ததாக 2019இல் எழுதினார்கள். எனவே கடல் வேறாக இருந்தாலும் கதை ஒன்றுதான்.

வயிற்றில் இருப்பது ஒன்று. அதனால் கெடுதல் வருவது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கெடுதல் உண்டா என்பதற்கு ஆய்வுக்கூடங்களில் சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். அவற்றில் மூன்றைச் சொல்கிறோம்.

முதலாவது, பிரான்சு நாட்டில் நடந்தது. 2016இல் வெளியானது. ஆளி என்று சொல்லப்படும் பசிபிக் சிப்பிகளை, அவை முட்டை உருவாக்கும் பருவத்தில், மிக நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள் கலந்த நீரில் இரண்டு மாதம் வளர்த்தார்கள். அந்த மணிகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு, நூற்று அறுபதில் ஒரு பங்கு அளவுள்ளவை. பாசி உணவின் அளவே அது. பிளாஸ்டிக் இல்லாத நீரில் வளர்ந்த சிப்பிகளோடு ஒப்பிட்டபோது, முட்டைகளின் எண்ணிக்கை 38 விழுக்காடு குறைந்திருந்தது. முட்டையின் பருமனும் 5 விழுக்காடு குறைவு. விந்தணு நீந்தும் வேகம் 23 விழுக்காடு குறைவு. அவற்றிலிருந்து பிறந்து நீந்திய குஞ்சுகளோ 41 விழுக்காடு குறைந்துவிட்டன. பிறந்த குஞ்சுகளின் வளர்ச்சியும் பின்தங்கியது. இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிளாஸ்டிக்கைத் தின்றது தாயும் தந்தையும், நட்டப்பட்டது பிள்ளை. வயிற்றில் சத்தில்லாத பொருள் சேர்ந்தபோது, தாய்ச் சிப்பி தன் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளச் சக்தியைச் செலவிட்டு, முட்டைக்குக் கொடுக்க வேண்டியதைக் குறைத்துக்கொண்டது என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அரை வயிற்றோடு நிரைக்குப் போன தாய்மார்களின் பிள்ளைகள் எடை குறைந்து பிறந்த காலத்தை அறிந்தவர்கள் நாம். இந்த விளக்கம் நமக்குப் புரியாமல் போகாது.

இரண்டாவது, பிரேசில் நாட்டில் நடந்தது. அதுவும் 2016இல் வெளியானது. தொழிற்சாலைக்கு மூலப்பொருளாகப் போகும் பிளாஸ்டிக் குருணைகளை நீரில் ஊறவைத்து, அந்த நீரில் பழுப்புச் சிப்பியின் கருக்களை வைத்துப் பார்த்தார்கள். புதிய குருணை ஊறிய நீரில் சுமார் நான்கில் ஒரு பங்குக் கருக்கள் கெட்டன. கடற்கரையில் பொறுக்கி எடுத்த பழைய குருணை ஊறிய நீரிலோ ஒரு கருவும் சரியாக உருவாகவில்லை. அதாவது, துணுக்கு வயிற்றுக்குள் போகவே வேண்டியதில்லை. பிளாஸ்டிக்கோடு சேர்த்த மருந்துகளும், கடலில் கிடந்தபோது அது தன்மேல் உறிஞ்சிக்கொண்ட எண்ணெயும் நஞ்சும் நீரில் கரைந்தாலே குஞ்சுக்கு ஆபத்து. இத்தகைய குருணை எவ்வளவு கடலில் சேர முடியும் என்பதற்கு இலங்கை சாட்சி. 2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற கப்பல் தீப்பிடித்தபோது, அதிலிருந்து சுமார் 1,680 டன் குருணை கடலில் கொட்டியது. மேற்குக் கரையில் மணலும் குருணையும் பிரித்தறிய முடியாதபடி கலந்து கிடந்தன.

மூன்றாவது சோதனையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டது அது. சிப்பிக் குஞ்சுகள் பிளாஸ்டிக் தூளைத் தின்கின்றன என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டார்கள். ஆனால் ஒரு மில்லிலிட்டர் நீரில் நூறு துணுக்குக்குக் குறைவாக இருந்தபோது, குஞ்சு உண்பதிலோ வளர்வதிலோ குறை எதுவும் தென்படவில்லை. ஆய்வுக்கூடத்தில் போடும் அளவு பெரும்பாலும் கடலில் உள்ள அளவைவிட அதிகம் என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். ஆகவே கோலசிலாங்கூர்க் கெராங் குறைந்ததற்குப் பிளாஸ்டிக்தான் காரணம் என்று யாராவது அடித்துச் சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டாம். ஆற்றில் கலக்கும் மற்றக் கழிவு, மண்ணரிப்பால் வரும் கலங்கல், கரையோரக் கட்டுமானம், வெப்பம், குஞ்சுகளையே அளவுக்கு மீறி அள்ளுவது என்று காரணங்கள் பல. பிளாஸ்டிக் அவற்றோடு வந்து சேரும் மற்றொரு சுமை. ஏற்கெனவே காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தலையில் தண்ணீர்க் குடத்தை ஏற்றினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கே நம் கவலை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கலங்கிய நீர் மழை விட்டால் தெளியும். ஆலைக் கழிவை நிறுத்தினால் சில ஆண்டுகளில் ஆறு மீளும். கடலில் சேர்ந்த பிளாஸ்டிக் தூளைத் திரும்ப அள்ள வழியே இல்லை. ஆகவே கெடுதல் முழுதாக நிரூபணமாகட்டும் என்று காத்திருந்தால், அப்போது செய்ய ஒன்றும் மிஞ்சாது.

இனி, இந்தத் தூள் கடலுக்கு எப்படிப் போகிறது என்று நம் வாசலிலிருந்தே தொடங்கிப் பார்ப்போம்.

சிலாங்கூர் ஆறு கோலகுபு பாருவுக்கு மேலே, பிரேசர் மலையை அடுத்த காடுகளில் பிறக்கிறது. ராசா, பத்தாங் காலி, செரண்டா, ரவாங் பக்கத்து நீரெல்லாம் பல சிற்றாறுகளாக வந்து அதில் கலக்கின்றன. பிறகு பெஸ்தாரி ஜெயாவைத் தொடுகிறது. பழைய ஆட்கள் அதைப் பத்தாங் பெர்ஜுந்தை என்றே இன்னும் சொல்வார்கள். அந்தப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் இந்த நாட்டின் முதல் வாணிபச் செம்பனை நடப்பட்டது. அதையும் தாண்டி, மின்மினிகள் கூடும் கம்போங் குவாந்தானைச் சுற்றி வளைந்து, கோலசிலாங்கூரில் கடலை அடைகிறது. புக்கிட் செந்தோசாவில் நம் வீட்டுப் பின்புறம் லோங்காங்கில் ஓடும் நீரும் கடைசியில் இந்த ஆற்றைத்தான் சேர்கிறது.

இந்த ஆறு நமக்கு வெறும் ஆறு அல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ரவாங் வட்டாரத்தின் கோங் ஆற்றில் கழிவு கலந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. ஏறக்குறைய 12 லட்சம் குடிநீர்க் கணக்குதாரர்களுக்குத் தண்ணீர் நின்றது. வாளியும் குடமும் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்து நின்றோம். மேலே ஒரு சிற்றாற்றில் விட்டது கீழே எத்தனை பேரைத் தொடும் என்பதை அன்று எல்லாரும் கண்டோம். அன்று நாற்றம் காட்டிக்கொடுத்தது. பிளாஸ்டிக் தூளுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. அதனால் அதற்காக யாரும் வால்வை மூடுவதில்லை.

ஆறு கடலைச் சேரும் இடத்தில் ஓட்டம் தளர்கிறது. தளர்ந்ததும், தூக்கி வந்த வண்டலை இறக்கி வைக்கிறது. அந்த வண்டல்தான் கெராங் வாழும் சேறு. வண்டலோடு வந்த பிளாஸ்டிக்கும் அங்கேதான் இறங்குகிறது. இலேசான பிளாஸ்டிக்கும் நாளடைவில் பாசி பிடித்துக் கனத்து அடியில் படிகிறது. ஆற்றின் வழியில் யார் எதைப் போட்டாலும், அதைக் கணக்கெடுத்து வாங்கி வைக்கும் பெட்டகம் போல் அமைந்திருக்கிறது அந்தச் சேறு. குஞ்சு வந்து அமர்வதும் அங்கேதான்.

நம் வீட்டிலிருந்து போவது என்ன? கண்ணுக்குத் தெரியும் பையும் புட்டியும் ஒரு பக்கம். 2010ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து 2015இல் வெளியான ஓர் உலகக் கணக்கில், சரியாகக் கையாளப்படாத பிளாஸ்டிக் குப்பையில் மலேசியா எட்டாம் இடத்தில் இருந்தது. 2018இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பையை வாங்குவதை நிறுத்தியபோது, அது நம் நாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டது. கோலலங்காட்டு ஜெஞ்ஜாரோமில் அனுமதியில்லாத ஆலைகள் முளைத்து, இரவில் எரித்த புகையால் மக்கள் பட்ட பாடு பத்திரிகைகளில் வந்தது. இவை பெரிய கைகள் செய்தவை. அவற்றைத் தடுப்பது அரசாங்கத்தின் வேலை.

மறுபக்கம், நாமே அறியாமல் அனுப்புவது உண்டு. முதலாவது துணி. பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக் எல்லாம் பிளாஸ்டிக் நூல்தான். துவைக்கும்போது இழை உதிரும். 2016இல் பிளிமத்தில் செய்த ஆய்வின்படி, ஆறு கிலோ துணியை ஒரு முறை துவைத்தால், அக்ரிலிக் என்றால் 7 லட்சத்துக்கு மேல் இழைகளும், பாலியஸ்டர் என்றால் ஏறக்குறைய 5 லட்சமும் உதிரக்கூடும். பருத்தி கலந்த பாலியஸ்டரிலோ 1 லட்சத்து 38 ஆயிரம்தான். பல வீடுகளில் துவைக்கும் இயந்திரத்தின் குழாய் நேரே லோங்காங்கில்தான் விடப்பட்டிருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

இரண்டாவது டயர். சாலையில் தேய்ந்த டயர் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. தூளாகிச் சாலையோரம் படிந்து, மழையில் கால்வாய்க்குப் போகிறது. நம் பாட்டன்மார் விடியற்காலையில் வெட்டிய பாலும் டயரில் இருக்கிறது. அதோடு எண்ணெயிலிருந்து செய்த செயற்கை ரப்பரும் மருந்துகளும் கலந்திருக்கின்றன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

மூன்றாவது தோட்டம். செம்பனை நாற்றுக்குக் கட்டும் கறுப்புப் பாலிபை, உரச்சாக்கு, களைக்கொல்லிப் புட்டி. நட்ட குழிக்குப் பக்கத்திலேயே கிழித்துப் போட்ட பை, பத்து ஆண்டு கழித்து மண்ணோடு கலந்த கறுப்புச் செதிலாகக் கிடப்பதைப் பார்த்திருப்போம். பெருமழையில் அந்தச் செதில் வாய்க்காலுக்குப் போகிறது.

இவ்வளவையும் கேட்ட தாய்மார்கள், இனிக் கெராங் தின்னலாமா கூடாதா என்று நினைப்பீர்கள். அதற்குப் பதில் இது. சிப்பியை வயிற்றோடு சேர்த்துத் தின்பதால் அதிலுள்ள தூள் நமக்கும் வரும். கொதிக்கவைத்தால் தூள் போகாது. ஆனால் நாம் குடிக்கும் நீரிலும் மூச்சுக் காற்றிலும் அது இருக்கிறது. அதனால் மனிதருக்கு இன்ன நோய் வரும் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று போதவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் குடிநீரைப் பற்றிச் சொன்னபோது தெரிவித்தது. கெராங்கில் நமக்கு இன்றுள்ள நிச்சயமான ஆபத்து கிருமி. 1988இல் சீனாவின் ஷாங்காய் நகரில், சரியாக வேகாத சிப்பியைத் தின்று ஏறக்குறைய 3 லட்சம் பேர் மஞ்சட்காமாலையில் விழுந்தார்கள். ஆகவே வெந்நீரில் ஒரு முக்கு முக்கி இரத்தத்தோடு தின்னும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பல தண்ணீரில் அலசி, ஓடு திறந்து சதை இறுகும் வரை வேகவைத்து உண்ணுங்கள்.

இனி நாம் செய்யக்கூடியவை. பெரிய செலவில்லாதவற்றை மட்டும் சொல்கிறோம்.

துணியை இயந்திரம் நிறையும் அளவு சேர்த்து, குளிர்ந்த நீரில், தேவைக்கு மேல் சுற்றவிடாமல் துவையுங்கள். வெளிக்குழாயின் வாயில் பழைய மெல்லிய துணிப்பை ஒன்றைக் கட்டிவையுங்கள். எல்லா இழையையும் அது பிடிக்காது. கண்ணுக்குத் தெரியும் பஞ்சையாவது பிடிக்கும். பிடித்த பஞ்சைக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். அதை லோங்காங்கில் அலசினால் செய்த வேலை வீண். பிள்ளைகளுக்கு அன்றாட உடுப்பு வாங்கும்போது பருத்தி அல்லது பருத்தி கலந்ததாகப் பாருங்கள்; நம் வெயிலுக்கும் அதுவே ஏற்றது.

சிலாங்கூர் மாநிலத்தில் 2010 முதல் சனிக்கிழமைகளிலும், 2017 முதல் எல்லா நாளும், கடையில் பிளாஸ்டிக் பைக்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற முறை வந்தது. பையொன்றுக்கு 20 காசு என்பது சிறிய தொகைதான். ஆனால் வாரம் பத்துப் பை வாங்கும் குடும்பம் ஆண்டுக்கு நூறு வெள்ளிக்கு மேல் குப்பைக்குக் கொடுக்கிறது. ஒரு துணிப்பை தைக்கப் பழைய சேலைத் தலைப்பே போதும்.

தோட்டத்தில் இன்னும் வேலை செய்பவர்கள், நாற்றுப் பையையும் உரச்சாக்கையும் குழியோரம் விடாமல் ஒரே இடத்தில் சேர்த்து, நிர்வாகம் எடுத்துச் செல்லும்படி கேளுங்கள். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு. சங்கத்தின் மூலம் கேட்டால் கோரிக்கை. எரித்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அந்தப் புகை முதலில் போவது எரிப்பவரின் நெஞ்சுக்கும், பக்கத்தில் விளையாடும் பிள்ளையின் நெஞ்சுக்கும்தான்.

கோயில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் போடுவது நம் புண்ணியம். அந்தப் பந்தலுக்குப் பின்னால் மலையாகக் குவியும் பிளாஸ்டிக் குவளை அடுத்த மழையில் கால்வாய்க்குப் போவது யாருடைய கணக்கில் சேரும்? எவர்சில்வர் டம்ளர் நூறு வாங்கி, கழுவ இளைஞர் நால்வரை அமர்த்தினால் பல ஆண்டுக்கு வரும். வாழை இலை இருக்கவே இருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களை வரிசையாக அழைத்துப்போய், பள்ளிக்கூடத்து லோங்காங்கில் ஒரு சல்லடையை ஒரு வாரம் வைத்து, என்ன சிக்குகிறது என்று எண்ணச் சொல்லலாம். பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட அது மனத்தில் நிற்கும்.

குப்பை வண்டி ஒழுங்காக வராத அடுக்குமாடிகள் உண்டு. அங்கே வாழ்பவர்களைப் பார்த்து, குப்பை போடாதே என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. தொட்டி எத்தனை வேண்டும், வண்டி எந்தெந்த நாளில் வர வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் கூடித் தீர்மானம் எழுதி, நகராண்மைக் கழகத்திடம் கொடுக்க வேண்டும். எழுத்தில் கொடுத்ததற்கு எழுத்தில் பதில் கேட்க வேண்டும். ஒரு முறை தட்டினால் கதவு திறக்காது. திறக்கும் வரை தட்ட வேண்டும். ஒரே முறை உபயோகிக்கும் பிளாஸ்டிக்கை 2030க்குள் ஒழிப்பதாக 2018இல் நாடே திட்டம் வகுத்திருக்கிறது. அந்தத் திட்டம் நம் தெருவுக்கு எப்போது வரும் என்று கேட்பது நம் உரிமை.

நேயர்களே, தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் மேல்லயத்தார் கிணற்றடியில் துணி துவைத்தால் கீழ்லயத்தார் சண்டைக்கு வருவார்கள். தண்ணீர் கீழே ஓடும் என்பது இரு சாராருக்கும் தெரிந்திருந்தது. இன்று சிலாங்கூர் ஆற்றில் நாம் மேல்லயம். ஜெராமிலும் கோலசிலாங்கூரிலும் வலையோடும் கூடையோடும் சேற்றில் இறங்குபவர்கள் கீழ்லயம். அவர்களில் மலாய்க்காரர் உண்டு, சீனர் உண்டு, நம்மவரும் உண்டு. சண்டைக்கு வர அவர்களுக்கு நம் முகவரி தெரியாது. தெரியாது என்பதற்காக நாம் பொறுப்பிலிருந்து நீங்கிவிட முடியாது.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். உங்கள் வீட்டுத் துவைக்கும் இயந்திரத்தின் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். அங்கிருந்து அந்தத் தண்ணீர் எந்தக் கால்வாய்க்கு, எந்த ஆற்றுக்குப் போகிறது என்று உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அதைத் தெரிந்துகொண்ட பிள்ளை கையில் இருக்கும் பையை லோங்காங்கில் எறிவதற்கு முன் ஒரு கணம் தயங்கும். கெராங் குஞ்சுக்கு நாம் இப்போது செய்யக்கூடிய உதவி அந்தத் தயக்கத்தில் தொடங்குகிறது.